இரண்டு சிவப்பு மூடிகள்

நான் யாரையும் சட்டென்று நம்பமாட்டேன். கள்ளிக்குப்பத்தில் பால்காரர்கூட என் கண்ணெதிரே படியைக் கழுவிவிட்டுத்தான் பால் ஊற்றுவார். எனக்கு வாய்த்த வேதமுத்துவோ எதைக் கேட்டாலும் ஒற்றை வார்த்தையில் முடிக்கிற மனுஷர். சந்தேகப்படாமல் என்ன செய்வேன்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் மிஷின் ஓட்டினார். கிறிஸ்துமஸ் வந்தால் கோயிலில் நாடகம் போடுவார். என் தம்பி டேவிட்டுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. எண்பத்தாறில் மிஷின் அவன் இடது கை விரல்களைக் கொண்டுபோனது. குடித்துவிட்டுக் கையை விட்டான் என்று சொல்லி அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவனும் எதுவும் பேசாமல் எங்கள் வீட்டோடு முடங்கிவிட்டான். தெருவில் இறங்கினால் குடிகாரன் என்பார்களாம்.

மறுவருஷம் கம்பெனி ஆயுத பூஜை விழாவில் டேவிட்டின் கதையைத் தனி ஆளாக நடிக்கப் போவதாக இவர் சொன்னார். எனக்கு வயிறு குளிர்ந்தது. ஆனால் ஆபீசர் வசனத்தை வாங்கிப் பார்த்து மொத்தத்தையும் அடித்துவிட்டாராம். இவரும் தலையாட்டிவிட்டு வந்து நிற்கிறார்.

“அப்போ இன்னாத்தப் பேசுவே?”

“பேசல.”

சூப்பர்வைசர் வேலையைக் காட்டி மடக்கிவிட்டார்கள், என் தம்பியை விற்றுவிட்டார் என்றே நினைத்தேன். பற்றிக்கொண்டு வந்தது. அவர் குளிக்கப் போனபோது பையைத் துழாவினேன். இரண்டு சிவப்பு டப்பா மூடி, சைக்கிள் ட்யூபில் வெட்டிய துண்டு ஒன்று, ஒரு பொட்டலத்தில் சந்தனமும் குங்குமமும். கர்த்தரே! ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர் பையில் குங்குமமா?

“யோவ், யாருக்கு இது?”

“மிஷினுக்கு.”

மிஷினுக்கு வைக்கக் கம்பெனி வாங்காதா? யாரிடம் காது குத்துகிறார்!

ஞாயிறு மத்தியானம் பின்பக்கம் ஒரு மரப்பெட்டியை நிறுத்தி, என்னை அடிபம்பு வரைக்கும் போய் நிற்கச் சொன்னார்.

“கை தெரியுதா?”

“கை தெரியுது. உன் எண்ணம்தான் தெரியல.”

பெட்டியை நகர்த்தினார், திருப்பினார். கேன்டீன் பல்பைத் தாழ இறக்கினால் வெளிச்சம் கைமேல் மட்டும் விழும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். “டேவிட்டையும் இட்டாந்துடு” என்றார். எதற்கு, அவமானப்படுத்தவா? பூஜையன்று சாயங்காலம் திட்டிக்கொண்டேதான் அவனைக் கம்பெனி கேன்டீனுக்குக் கூட்டிப்போனேன். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தான்.

மேடையில் பெட்டி மட்டும் இருந்தது. இவர் வந்து அதற்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். அன்று காலையில்தான் எல்லோரும் அவரவர் மிஷினுக்கு அப்படி வைத்திருந்தார்கள். மிஷின்தான் என்று புரிந்து சிரித்தார்கள். சிவப்பு மூடிகளைப் பெட்டியின் இரு பக்கமும் பதித்து, இரண்டையும் ஒரே நேரத்தில் உள்ளங்கையால் அழுத்தினார். கீழே கிடந்த தகரத்தில் கால் விழுந்தது. டம்! தகட்டை எடுத்து மாற்றினார், மறுபடி இரண்டு கையாலும் அழுத்தினார். டம்!

பிறகு பையிலிருந்து ட்யூபை எடுத்து ஒரு மூடியை இறுக்கிக் கட்டினார். சிரிப்பு நின்றது. இப்போது ஒரு கை அழுத்த, மற்றது உள்ளே தகடு வைத்தது. டம், டம், டம்.

“அன்னிக்கும் கட்டிதான் இருந்துச்சுக்கா” என்றான் டேவிட். “ஃபோர்மேன் கட்டுனாரு. ரெண்டு பட்டனையும் அமுக்குனா கை உள்ள போவாது, ஆனா அடிக்கிற ஜாப் கம்மியாவுது. ஃபேக்டரி இன்ஸ்பெக்டரு வந்தப்போ ட்யூப்பக் காணோம்.”

மேடையில் தகரம் அடங்கியது. இவர் இடது கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டார். கை இல்லாத சட்டைக் கை தொங்கியது. அப்படியே நின்று ட்யூபை அவிழ்த்தார், பையில் போட்டுக்கொண்டார், பெட்டியைத் துடைத்தார்.

முன்வரிசையில் ஆபீசர் எழுந்து, “லைட்டை நிறுத்து” என்றார். பின்னாலிருந்து ஒரு குரல், “எங்க மிஷின்லயும் இன்னும் கட்டிதான் கீது!” என்றது. “எங்களுதுலயும்!” என்று நாலாபுறமும் கத்தினார்கள்.

டேவிட் என் முழங்கையைப் பிடித்தான்.

“அப்போ குடியால இல்லதானேக்கா? முந்தின நாள் கல்யாணத்துல கொஞ்சம் குடிச்சேன். அதாலதான் போச்சுன்னு நானே நெனச்சிகினு கெடந்தேன்க்கா.”