‘எல்லையே இல்லை’ என்று எழுதிய மீன் கடை

அபோண்டியின் மீன் கடைச் சுவரில் இன்னமும் ‘எல்லையே இல்லை’ என்றுதான் பெரிய மஞ்சள் எழுத்தில் இருக்கிறது. ஃபோன் கம்பெனிக்காரர்கள் இரண்டு வருடத்துக்கு முன்பு ஓசியில் அடித்துக் கொடுத்த பெயிண்ட். நானே பிரஷ் வாங்கி வந்து, அழித்துவிடட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். விடமாட்டேன் என்றுவிட்டாள். “பொய் சொன்னவன் வெக்கப்படட்டும். என் சுவரு எதுக்கு வெக்கப்படணும்?” என்கிறாள்.

நான் ஒவிட்டி. கிசுமு நகரத்தில் ஏரிக்குப் போகிற சாலையில், அவள் கடையை ஒட்டினாற்போல் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறேன். மூத்த மகன் பெயரைச் சேர்த்து எல்லோரும் அவளை ‘ஒடேரா அம்மா’ என்பார்கள். நானும் அப்படித்தான். அவள் என்னைக் கூப்பிடுவது ‘கத்திரி’ என்று. ஒவிட்டி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விஷயம் சரியில்லை என்று அர்த்தம்.

அபோண்டியின் அப்பா, அம்மா இருவருக்குமே காது கேட்காது. வாயால் பேசுவதற்கு முன்பே கையால் பேசக் கற்றுக்கொண்டவள். ஏழு வயதில் அப்பாவோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள், காணாமல்போன சைக்கிளுக்குப் புகார் கொடுக்க. அங்கே இருந்த போலீஸ்காரர் அவரைக் கேவலமாகத் திட்டியிருக்கிறார். ஒரு வார்த்தை விடாமல் அதை அப்படியே அப்பாவுக்குக் கையால் சொன்னாளாம்.

“அதை ஏன் சொன்னீங்க? விட்டிருக்கலாமே?”

“நான் அவரோட காது, கத்திரி. எதைக் கேக்கலாம், எதை விடலாம்னு காது பாத்துக்கிட்டா இருக்கும்?”

அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் சிரிப்பாள். “எங்கம்மாவுக்குக் கோவம் வந்தா கண்ணை மூடிக்கும். அவ்ளோதான், பேச்சு முடிஞ்சுது. அப்பா பாவம், கட்டில் காலை உதைச்சு உதைச்சுப் பாப்பாரு. கட்டில் ஆடுற ஆட்டத்துல அம்மா கண்ணைத் திறக்காதான்னு.”

இப்படி வளர்ந்தவளை ஊர் சும்மா விடுமா? காது கேளாத பெண்களுக்கு வங்கியில் வேலையா, பள்ளிக்கூடத்தில் பஞ்சாயத்தா, எல்லாவற்றுக்கும் அபோண்டி போய் நிற்கவேண்டும். மீன் பொரிக்கிற வேலை அந்தரத்தில் நிற்கும். எல்லையில்லாத இன்டர்நெட் திட்டம் வந்த பிறகுதான் அவளுக்கு விடிவு வந்தது. மக்காச்சோள மாவு டின்னில் ஃபோனைச் சாய்த்து வைப்பாள். அந்தப் பக்கம் வங்கிக்காரர் பேசுவார், இவள் எண்ணெய்க் கையோடு அதைக் கையால் சொல்வாள், நடுவில் மீனைத் திருப்பிப் போடுவாள். ஒரு நாளைக்கு நாலு, ஐந்து அழைப்பு.

அந்தத் திட்டத்தில் நாங்களும் ஒட்டிக்கொண்டோம். அவள் ஹாட்ஸ்பாட்டுக்கு ‘மீன் கடை’ என்று பெயர். பாஸ்வேர்டு தெருவுக்கே தெரியும். சாப்பிடும்போது கதவைச் சாத்துகிறவனை எங்கள் ஊரில் மனிதனாக மதிக்கமாட்டார்கள். ஹாட்ஸ்பாட்டை மூடுவதும் அதே கணக்கில் சேர்ந்துவிட்டது. இரண்டு வருடமாக நான் ஒரு ஷில்லிங்குக்குக்கூட டேட்டா வாங்கவில்லை. இதைச் சொல்லவே கூசுகிறது, ஆனால் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பிறகு கம்பெனியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஒரு நாளைக்கு முப்பது செய்தி அனுப்புகிறவர்கள் அவர்கள். பந்தயம் கட்டு, பாட்டு வை, பரிசு விழுந்திருக்கிறது என்று. அந்தக் குப்பையில் ஒன்றாக இதுவும் கிடந்தது: ‘அன்புள்ள வாடிக்கையாளரே, ஒன்றாம் தேதி முதல் உங்கள் திட்டம் மேலும் சிறப்பாகிறது. தினமும் இரண்டு ஜிபி முழு வேகத்தில், அதன் பிறகு நியாயமான வேகத்தில்.’ தட்டிலிருந்து சோற்றை எடுத்துக்கொண்டு அதற்கு விருந்து என்று பெயர் வைக்கிற ஜாதி. அபோண்டி படிக்கவில்லை. நான் படித்திருந்தாலும் புரிந்திருக்காது.

அந்த ஒன்றாம் தேதி சனிக்கிழமை. சாயங்காலம் டிவியில் பெரிய ஃபுட்பால் ஆட்டம். கடையில் புது டிவி மாட்டியிருந்தேன், ஆட்டம் காட்டினால் நாலு தலை கூடுதலாக வரும் என்று. ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். டிவி ஓடியது அபோண்டியின் ஹாட்ஸ்பாட்டில். அவரவர் கையில் ஃபோன், அதுவும் அதே ஹாட்ஸ்பாட்டில்தான்.

இடைவேளையில் பொரித்த மீன் வாங்க வெளியே வந்தேன். டிவியை அணைக்கவில்லை. அபோண்டியின் ஃபோனில் நசிமியுவின் முகம் தெரிந்தது.

நசிமியு தையல்காரி, காது கேளாதவள், இருபத்துமூன்று வயது, தலைப்பிரசவம். கணவன் மொம்பாசாவிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வேர்த்து விறுவிறுத்துக் கிடந்தாள். செரோனோ என்கிற நர்ஸ் அவளுடைய ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தார். குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டே வருகிறது, உடனே அறுவை செய்யவேண்டும், கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்றார்.

நசிமியு கட்டில் கம்பியை இறுக்கப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள். அந்தப் பயத்துக்குக் காரணம் எங்களுக்கெல்லாம் தெரியும். அவள் அக்காவுக்கும் காது கேட்காது. வேறெங்கோ ஓர் ஊரில், பிரசவத்துக்குப் போன இடத்தில், ஒன்றும் சொல்லாமல் அறுத்தார்கள். இனிக் குழந்தையே பிறக்காது என்பது அந்தப் பெண்ணுக்கு நாலு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதனால் நசிமியு ஒன்பது மாதமாக ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அபோண்டியின் கையால் சொன்னால் ஒழிய யாரும் என்னைத் தொடக்கூடாது.

அபோண்டி கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். குழந்தை களைத்துப்போயிருக்கிறது. இனிக் காத்திருக்க முடியாது. டாக்டர் உன் வயிற்றை அறுக்கவேண்டும்.

அந்த இடத்தில் படம் நின்றது.

நசிமியுவின் முகம் திறந்த வாயோடு அப்படியே உறைந்தது. அபோண்டி ஃபோனை உயரத் தூக்கினாள், சாலைக்கு ஓடினாள், திரும்பி வந்தாள். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மேலே ஒரு செய்தி விழுந்தது. “‘இன்றைய முழு வேக அளவு தீர்ந்துவிட்டது’ன்னு வந்திருக்கு. என்னடா இது? எனக்கு ஏது அளவு?” என்றாள்.

உள்ளே டிவியில் விசில் ஊதியது. ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினேன். ஏழு பேரும் கத்தினார்கள்.

“ஏய், யார்கிட்டயாவது சொந்த டேட்டா இருக்கா? பிரசவ கேஸு! யார்கிட்டயாவது?”

ஏழு பேரில் ஒருவனிடம்கூட இல்லை. எல்லோரும் என்னைப்போலத்தான், இரண்டு வருடமாக மீன் கடையில் வாழ்ந்தவர்கள். நான் உடனே வாங்கினேன். ‘உங்கள் வேண்டுகோள் பரிசீலனையில் உள்ளது, காத்திருக்கவும்’ என்று வந்தது. இன்னொருவன் வாங்கினான். அவனுக்கும் அதேதான்.

வெளியே அபோண்டி நெற்றியில் அடித்துக்கொண்டாள். “‘அறுக்கணும்’னு சொன்னதோட நின்னுபோச்சு. அதைத்தான் பாத்திருக்கா. அதுக்கப்புறம் சொன்ன எதையும் பாக்கல. ஐயோ, என் பொண்ணு என்ன நினைச்சுக்கிட்டிருப்பா!”

“மோட்டார் சைக்கிள்ல போயிடலாம், ஏறுங்க.”

“இருபது நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் குழந்தை தாங்காது.”

சாதாரண அழைப்பு மட்டும் போயிற்று. காது கேளாதவளுக்கு அதனால் என்ன பயன்? ஆனால் ஃபோன் இருந்தது நர்ஸின் கையில். எடுத்தார். அபோண்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா, படம் போயிடுச்சு. இந்தப் பொண்ணு எங்களைப் பக்கத்துலயே விடமாட்டேங்குது. பேப்பர்ல எழுதிக் காட்டினேன், கிழிச்சுப் போட்டுட்டா. என்னோடது பழைய பட்டன் ஃபோன், படம் வராது. டாக்டர் ரெடியா நிக்கறார்.”

“சிஸ்டர், ஃபோனை மெத்தை மேல வைங்க. ரெண்டு கையும் வேணும். நான் சொல்றபடி செய்ங்க.”

“எனக்கு இந்தப் பாஷை தெரியாதும்மா.”

“எனக்குத் தெரியும்ல? கையை மட்டும் கொடுங்க. முதல்ல மாஸ்க்கைக் கழட்டுங்க.”

“அதெல்லாம் கூடாது, ரூல்ஸ் இருக்கு.”

“முகம் தெரியலேன்னா அவளுக்குப் பாதிப் பேச்சு இல்ல, சிஸ்டர். கழட்டுங்க, தாயே.”

மாஸ்க் உரசும் சத்தம் கேட்டது. பிறகு, “கழட்டிட்டேன்” என்றார்.

“குழந்தையைத் தூக்கி வெச்சுக்கிட்ட மாதிரி கையை மடக்கி ஆட்டுங்க. ஆச்சா? இப்ப ஒரே ஒரு விரல், முகத்துக்கு நேரா. ‘இது மட்டும்’னு அர்த்தம். இப்ப வயித்துலேருந்து வெளிய எடுக்கற மாதிரி ரெண்டு கையும்.”

“எடுத்தேன்.”

“இப்பதான் முக்கியம். உங்க அடிவயித்துல ஒரு வட்டம் போடுங்க. அதுதான் கர்ப்பப்பை. அப்புறம் ரெண்டு உள்ளங்கையையும் அது மேல வெச்சு அழுத்துங்க. அழுத்திக்கிட்டே அவ கண்ணைப் பாருங்க. ‘இது இங்கேயே இருக்கும், யாரும் தொடமாட்டாங்க.’ அவசரப்படாதீங்க. அவ கண்ணைப் பாருங்க.”

இதைச் சொல்லும்போது அபோண்டியின் கைகளும் சும்மா இல்லை. பார்க்க யாருமே இல்லாத இடத்தில், அடுப்புக்கு முன்னால் நின்று, குழந்தையை ஆட்டிக்கொண்டும் வயிற்றை அழுத்திக்கொண்டும் இருந்தன. எண்ணெயில் கிடந்த மீன் கருகிப் புகைந்தது. எனக்கு அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

“கம்பியை விட்டுட்டா!” என்றார் நர்ஸ். “அம்மா, என்னமோ காட்டறா. ரெண்டு விரலை அவ கண்ணுகிட்ட வெச்சு அப்புறம் என் பக்கம் நீட்டறா. திரும்பத் திரும்ப அதையேதான் காட்டறா.”

அபோண்டி ஃபோனுக்கு அருகே குனிந்தாள். “‘நீ பாத்துக்கிட்டே இருப்பியா’ன்னு கேக்கறா, சிஸ்டர். ‘உள்ள நீ கூடவே இருந்து பாத்துக்கறியா’ன்னு.”

“ஆமான்னு எப்படிச் சொல்றது?”

“தலையை ஆட்டுங்க. அது எல்லாருக்கும் ஒன்னுதான்.”

அந்தப் பக்கம் பேப்பர் சரசரத்தது. கையெழுத்துப் போடுகிறாள் என்று யாரோ சொன்னது கேட்டது. கட்டிலின் சக்கரம் உருண்டது, அழைப்பு நின்றது.

மோட்டார் சைக்கிளில் அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலை நெருங்கும்போது என் ஃபோன் சிணுங்கியது. நான் வாங்கிய டேட்டா வந்து சேர்ந்துவிட்டதாம், வாழ்த்துகளாம்.

பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். உள்ளே கடைசிவரை தான் கண்ணெடுக்காமல் நின்றதாகச் செரோனோ வெளியே வந்து சொன்னார்.

நாலாம் நாள் கேழ்வரகுக் கஞ்சி எடுத்துக்கொண்டு அபோண்டி பார்க்கப் போனாள். நானும் போனேன். நசிமியு அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கையை விட்டுவிட்டு ஏதோ கேட்டாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு. அபோண்டி சுருக்கமாகப் பதில் சொன்னாள்.

“என்ன கேக்கறா, ஒடேரா அம்மா?”

“‘உன் கை ஏன் பாதியில நின்னுபோச்சு’ன்னு கேக்கறா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“கம்பெனிக்காரன் அளவு வெச்சுட்டான், தீர்ந்துபோச்சுன்னு சொன்னேன்.”

அது பொய்யில்லை. ஆனால் எனக்கு நெஞ்சுக்குள் அறுத்தது. ஏழு வயதில் போலீஸ்காரரின் வசவைக்கூட விடாமல் சொன்னவள், எனக்காக அரைவாசி சொல்கிறாள்.

“மீதியையும் சொல்லுங்க. அன்னிக்கு டிவி ஓடிச்சு. உங்க ஹாட்ஸ்பாட்டுல. என் கடையில.”

“தெரியும்.” அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “அன்னிக்கே ஃபோன்ல பாத்தேன், யார் யாரு ஒட்டியிருக்காங்கன்னு. முதல் பேரு உன்னோடது. சொல்லிட்டா திருப்பி வாங்க முடியாது, ஒவிட்டி.”

“சொல்லுங்க.”

சொன்னாள். பந்து என்பதற்கான சைகை எனக்குத் தெரியும், கடையில் பார்த்திருக்கிறேன். பந்து, டிவி, பிறகு விரல் என்னை நோக்கித் திரும்பியது. நசிமியு என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

மன்னித்துவிடு என்று எந்தக் கையால் சொன்னாலும் இனிமேல் போய்ச் சேராது. நான் கட்டிலோரம் நின்றேன். அபோண்டி கஞ்சிப் பாத்திரத்தின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது தொட்டிலில் குழந்தை அழ ஆரம்பித்தது. முதலில் முனகல், பிறகு வீறிட்ட அழுகை. வார்டே திரும்பிப் பார்த்தது. நசிமியு கண்ணை மூடியபடியே கிடந்தாள். அவளுக்கு எப்படித் தெரியும்?

நான் அபோண்டியைப் பார்த்தேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். “என்னை என்ன பாக்கற? நீயே சொல்லு.”

கட்டில் காலை என் காலால் ஒரு தட்டுத் தட்டினேன். நசிமியு கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் மறுபடி மூடப்போனாள். அவசரமாக இரண்டு கையையும் மடக்கி, குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்ட மாதிரி ஆட்டினேன்.

அவள் தொட்டில் பக்கம் திரும்பி, தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள். முடியவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் நீட்டினாள், எடுத்துக் கொடு என்று.