குப்பை விழாத அறை

ஒரு லட்சம் போட்டால் மாதம் பத்தாயிரம் என்று திண்டிவனத்தில் பேனர் கட்டிய நிதி நிறுவனம் அது. பெருக்கித் துடைத்து டீ போடும் வேலைக்கு இசைவாணி அங்கே சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. போட்ட பணத்தில் பெங்களூர்ப் பக்கம் நிலம் வாங்கி விற்கிறோம் என்று மேனேஜர் வேங்கடேசன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். ‘நிலப் பிரிவு’ என்று பலகை மாட்டிய அறை ஒன்றையும் காட்டுவான்.

அந்த அறையை ஆறு மாதம் பெருக்கியவள் இசைவாணி. கசக்கிப் போட்ட காகிதம் ஒன்றுகூட அங்கே கிடந்ததில்லை. நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. பக்கத்து ஊரான ஓமந்தூரில் ஒரு மனை கைமாறினாலே எத்தனை ஜெராக்ஸ் எடுக்கிறார்கள்! கேஷ் கவுன்டரிலோ காலையில் ஒருவர் கட்டிய நோட்டுக் கட்டு, போட்டிருந்த ரப்பர் பேண்டுடன், மத்தியானம் இன்னொருவருக்கு வட்டியாகப் போனது. புது ஆள் வருவது நின்றால் பழைய ஆளுக்கு ஒன்றுமில்லை. இது புரிய அவளுக்குப் பெரிய படிப்பு வேண்டியிருக்கவில்லை. டை கட்டிய திருடன் என்று வேங்கடேசனை மனசுக்குள் காறித் துப்பிவிட்டு அவனுக்கு டீ கொடுத்தாள்.

ரிட்டையரான கணக்கு வாத்தியார் சவுரிராயன் மூன்றாவது லட்சத்தோடு வந்த நாளில் மட்டும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. மாடிப்படியிலேயே மறித்தாள்.

“போடாதீங்க சார். ஒருத்தர் பணத்த வாங்கி இன்னொருத்தருக்குக் குடுத்துக்கினு இருக்காங்க. நெலமும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“எனக்கே கணக்கு சொல்றியா? போயி டீயப் போடும்மா” என்று சிரித்தார். பணத்தைக் கட்டினார். அவள் சொன்னதை வேங்கடேசனிடமும் சொன்னார். மறுநாள் அவளுக்கு வேலை இல்லை.

திருடன் திருடுகிறான், அது அவன் தொழில். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வட்டிக் கணக்கு போட்டுக் காட்டிய மனுஷனுக்கு என்ன கேடு? வேங்கடேசனைவிட அவரைத்தான் அவள் கேவலமாக நினைத்தாள்.

வேர்க்கடலை மூட்டை வந்து இறங்கும் மல்லாட்டை மண்டியில் கூலிக்குச் சேர்ந்தாள். எட்டாவது மாதம் கம்பெனி ஷட்டர் இறங்கியது. காணை கிராமத்திலிருந்து வந்த பெரியசாமி, கரும்பு வெட்டிய காசைப் போட்டவர், பூட்டிய ஷட்டரைக் காலால் உதைத்தார். அவர் மகள் நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டாள். மண்டி வியாபாரிகளும் அங்கே போட்டிருந்ததால் சரக்கு எடுக்கக் கையில் காசில்லை. வாரம் ஆறு நாள் வேலை மூன்றானது. அந்தக் கம்பெனியில் ஒரு பைசாகூடப் போடாதவள் இசைவாணி. இவர்கள் பேராசைக்குத் தன் அடுப்பும் அணைவதா என்று கொதித்தாள்.

போலீஸ் விசாரணைக்காக அவளை விழுப்புரத்துக்குக் கூப்பிட்டார்கள். வராண்டாவில் நின்ற கூட்டத்திலிருந்து சவுரிராயன் கை நீட்டினார்.

“இவளும் அந்தத் திருட்டுக் கூட்டந்தான்!”

“உங்களுக்கு நல்லது சொல்லித்தான் சார் என் வேல போச்சி. மறந்துட்டீங்களா?”

அவர் கூட்டத்துக்குள் பின்வாங்கிக்கொண்டார்.

அறையைப் பற்றியும் நோட்டுக் கட்டைப் பற்றியும் அவள் சொல்லச் சொல்ல, அதிகாரி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டார்.

“இவ்ளோ தெரிஞ்சும் ஏம்மா அப்பவே புகார் குடுக்கல?”

“வந்திருந்தா இன்னா சார் கேட்டிருப்பீங்க? நீ எவ்ளோ போட்டன்னுதானே?”

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்.

திரும்பும் பஸ்ஸில் சவுரிராயன் அவள் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார். போனை எடுத்து நீட்டினார்.

“இசைவாணி, இதப் பாரு. இது கம்பெனியே இல்ல, ஆப். டாலர்ல போடணும். விட்டத நாலே மாசத்துல புடிச்சிடலாங்கறாங்க. நீ இன்னா நெனைக்கிற?”

அவள் அந்தத் திரையையும் பார்த்தாள், அவர் முகத்தையும் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்து முன்னால் போனாள். திண்டிவனம் வரும்வரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள்.