நல்ல தண்ணீர்

எங்கள் ஊர்க் கிணறுகள் எல்லாம் உப்புக் கரிக்கும். குடிக்கிற நல்ல தண்ணீருக்கு ராசிபுரம் சாலையில் ஒரு மைல் நடக்கவேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் நான் செய்த காரியத்தின் பழியில் பாதி கிணற்றின் மேல் போகும் என்று ஒரு நப்பாசை.

அப்பா இறந்து தந்தி போனபோது சித்தப்பா ராமேசுவரம் பக்கத்துக் கடற்கரையில் பாசிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். கல்லூரிப் படிப்பு. மாற்றுத் துணியைக்கூட மறந்துவிட்டு, ஒரு கண்ணாடி ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறி வந்தார். ஜாடியில் கடல்தண்ணீர், அதற்குள் ரோஜா நிறத்தில் ஒரு கல்.

"கல்லில்ல சாமி. கல்லு மேல படர்ந்திருக்கற பாசி. உசிரோட இருக்குது" என்றார்.

படித்தவர்களே முதலில் அதைக் கல் என்றார்களாம். பிறகு பவளப்பூச்சியோடு சேர்த்தார்களாம். கடைசியில்தான் செடி என்று ஒப்புக்கொண்டார்களாம். உடம்பெல்லாம் சுண்ணாம்பைச் சேர்த்துக்கொண்டு இறுகிப்போகிற செடி. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அதன் மேல் பருக்கள் தெரிந்தன. பரு முற்றும்போது அதில் ஒரு துளையா, பல துளைகளா என்று பார்த்தால்தான் இனம் தெரியும். அதை எழுதிக் கொடுத்துவிட்டால் படிப்பு முடிந்துவிடும்.

கருமாதி ஆனதும் திரும்புவதாக இருந்தார். அப்பா உழுத காட்டைப் பார்க்க வேறு ஆளில்லை; ஆனாலும் அம்மா தடுக்கவில்லை. "போயிட்டு வாங்க தம்பி. காடு எங்க ஓடிப்போவுது, அதுபாட்டுக்குக் கெடக்கும்" என்றாள்.

கருமாதியன்று, "பத்திரமாப் பாத்துக்க சாமி" என்று ஜாடியை என்னிடம் ஒப்படைத்தார். விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். ஒரே கரிப்பு. வீட்டுக்கு வந்த உயிருக்குக் கொடுக்கிற தண்ணீரா இது? கொட்டிவிட்டு, நான் சுமந்துவந்த நல்ல தண்ணீரை நிறைய ஊற்றினேன்.

உறவுக்காரர்களை அனுப்பிவிட்டு அவர் ஜாடிப் பக்கம் வர மூன்று நாளாயிற்று. அதற்குள் பாசி செத்து, சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"என்ன சாமி ஊத்துன?"

"நல்ல தண்ணிங்க."

அவரும் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். "நல்லதுன்னுதான ஊத்துன, போ" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார்.

கடலில் அந்தப் பாசி எவ்வளவோ இருந்திருக்கும். அவர் போயிருக்கலாம். எங்களை விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. அந்த ஜாடியைச் சாக்காக வைத்துக்கொண்டார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். சாகும்வரை எங்கள் காட்டுக்கு உப்புத் தண்ணீர் இறைத்தார்.

அன்றைக்கு எனக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது? சித்தப்பா இனிமேல் போகமாட்டார் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினேன்.