கூரையில் படிந்த கறை

இரத்மலானைக்கு அப்பால் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் நீராவிப் புகையிரதம் ஓடுகிறது என்று கேள்வியுற்ற நாள் முதல், அதில் ஏற வேண்டும் என்று என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். மழைக்காலம் முழுவதும் மூச்சிளைப்பு அவளை வெள்ளவத்தை வீட்டுக்குள் அடைத்துவைத்திருந்தது. இப்போது சற்றே தேறியிருந்தாள். ஆயினும், புகையை அண்டக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகக் கூறியிருந்தார். அது வெறும் நீராவிதான் என்று பூங்காவினர் தொலைபேசியில் உறுதி கூறினர். அவள் நம்பினாள், நான் நம்பவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வண்டி மேடையில் நின்றது. ஒடுங்கிய தண்டவாளத்தின்மேல் சிறிய இயந்திரமும், பக்கங்கள் திறந்த நான்கைந்து பெட்டிகளும். பழங்காலத்துப் புகையிரதக் காவலரைப்போல் உடுத்த ஒருவர் பயணிகளை வரவேற்றார். அவருடைய மீசை ஒட்டுமீசை. மீசையில் உண்மை பேணாதவர் புகையில் பேணுவாரா என்ற ஐயம் அப்போதே எழுந்தது.

"என்ன எரிக்கிறனீங்கள்? நிலக்கரியோ?"

"கரியெல்லாம் இல்ல சேர். தண்ணி ஆவி மட்டும் தான். ஷோவுக்கு."

நீராவி எழுந்த சிறிது நேரத்தில் காற்றிற் கரைந்துவிடும். இங்கோ நீலம் கலந்த ஒரு படலம் மரக்கிளைகளிற் சிக்கிக் கலையாமல் நின்றது. நான் பெட்டியின் கூரை விளிம்பை விரலால் தடவினேன். விரல் கறுத்தது.

"அப்ப இது என்ன?"

"அது கிரீஸ் சேர்."

"கூரைக்கும் கிரீஸ் பூசுறனீங்களோ?"

அருகில் நின்ற குடும்பத்தினர் சிரித்தனர். என் மனைவி சிரிக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, நாங்கள் கோச்சியில ஏற வந்தனாங்களோ, கோச்சியை விசாரிக்க வந்தனாங்களோ?"

இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கூறி முன்னே நடந்தேன். ஓட்டுநர் என்னைக் கண்டதும் அடுப்பின் கதவைச் சாத்தினார். ஆனால், கருகிய எண்ணெயின் நெடியை எந்தக் கதவாலும் மறைக்க இயலாது. அவளை அழைத்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்று நான் விரைந்தபோது ஊதல் ஒலித்தது. இரண்டாம் பெட்டியில் அவள் அமர்ந்திருந்தாள். என் பக்கம் திரும்பவேயில்லை. வண்டி நகர்ந்து மரங்களுக்குப் பின்னால் மறைந்தது.

அது சுற்றி வரும்வரை நான் மேடையில் நின்ற பாடு சொல்லுந்தரமன்று. ஊதல் கேட்டபோதெல்லாம் அதை யாரோ உதவிக்கு அழைப்பதாகவே எண்ணினேன்.

வண்டி வந்து நின்றது. புன்னகையுடன் இறங்கினாள். அப்புன்னகையையும் நான் நம்பவில்லை.

"ஊர் சொல்லும்" என்றேன்.

அவளுடைய மூச்சை அளக்க இது எங்கள் வீட்டு வழக்கம். அவளுடைய தமக்கை கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். அங்கு செல்லும் வழியிலுள்ள ஊர்களை ஒரே மூச்சில் அவள் சொல்ல வேண்டும். நல்ல நாளில் கொட்டாஞ்சேனை வரை போய்ச் சேருவாள்.

"வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி..."

அதற்கு மேல் மூச்சு வரவில்லை. அவளைக் கைத்தாங்கலாக மேடையோரத்து வாங்குப் பலகையில் இருத்தினேன். கைப்பையிலிருந்து மருந்துக் குழலை எடுத்து இழுத்தாள். காவலர் தண்ணீருடன் ஓடிவந்தார். மீசையின் ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

"மன்னிச்சிக்கங்க சேர். பழைய எண்ணெய் தான் எரிக்கிற. வெளிய சொல்ல வேணாம் எண்டு மேலேருந்து ஓடர்."

"பாத்தீரோ? நான் அப்பவே சொன்னனான்!" என்று அவள் பக்கம் திரும்பினேன்.

"எனக்கு வாசலிலேயே எண்ணெய் மணந்தது" என்றாள், மெல்ல.

"பிறகேன் ஏறினனீர்?"

"சொல்லியிருந்தா வீட்டை திருப்பிக் கொண்டுபோயிருப்பீங்கள். நீங்கள் கூரையைத் தடவேக்க நான் மருந்தில ரெண்டு இழுவை இழுத்திட்டுத்தான் ஏறினனான்."

மீசை முதல் அடுப்புக் கதவு வரை அனைத்தையும் ஐயுற்ற நான், பக்கத்தில் நின்றவளை ஐயுறத் தவறியிருந்தேன். சினம் கொள்வதா, அவளுடைய நெஞ்சைக் கவனிப்பதா என்று அறியாமல் அமர்ந்திருந்தேன். மெல்ல மெல்ல மூச்சு சீரானது.

"கடைசிப் பெட்டியில இருந்தா புகை இவ்வளவு வராது" என்றாள்.

"இன்னொருக்கா வாறதோ?"

அவள் மருந்துக் குழலை மூடிக் கைப்பைக்குள் வைத்தாள். மூச்சைச் சேமிக்கத்தான் பேசாதிருந்தாளா, இன்னொரு நாள் என்னிடம் சொல்லாமலே வருவதற்கு இப்போதே திட்டமிட்டாளா என்பதில் எனக்கு இன்றளவும் தெளிவில்லை.