சோப்பு மணத்த ஊற்று

"இடது காதில் இரைச்சல். தூக்கமின்மை. சத்தமில்லாத இடத்தில் இரண்டு வாரம் ஓய்வு." ராயபுரத்தில் எங்கள் தெரு டாக்டர் எழுதிக் கொடுத்த இந்தச் சீட்டு, என் 1954-ஆம் ஆண்டு டைரியில் மாசி மாதப் பக்கத்தில் ஒட்டியபடி இன்னும் இருக்கிறது. தேதி போட டாக்டர் மறந்துவிட்டார். நான்தான் ஓரத்தில் பென்சிலால் 'வெள்ளி, காலை' என்று குறித்து வைத்தேன்.

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. தண்டையார்பேட்டையில் ஒரு பாய்லர் பட்டறையில் குமாஸ்தா. இரும்புத் தகடுகளில் ஆணி அடிக்கும் கொட்டகைக்கும் என் மேசைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். ஒன்பது வருடம் அதைக் கேட்ட பிறகு, விடுமுறை நாளிலும் என் காதுக்குள் பட்டறை ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி சொன்னது சரியாகக் காதில் விழாமல் இரண்டு முறை தவறான தகடுகளை அனுப்பிவிட்டேன். லீவு கொடுத்த மானேஜர், திரும்பி வரும்போது காது கேட்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று ஒளிக்காமல் சொன்னார்.

கல்யாணம் ஆகாத தனி ஆள், எங்கே வேண்டுமானாலும் போய்த் தங்கலாம். இடம்தான் கிடைக்கவில்லை. திருவொற்றியூரில் ஒரு தோட்ட வீடு பார்த்தேன். மாமரம், கிணறு, நிழல் எல்லாம் இருந்தன. கூடவே பக்கத்து ஆலைச் சங்கும் இருந்தது. கத்திவாக்கத்தில் உப்பளத்தை ஒட்டிய குடிசையில் ரயில் போகும்போதெல்லாம் தட்டு முட்டுச் சாமான்கள் ஆடின. ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே என்ன சத்தம், எத்தனை மணிக்கு என்று டைரியில் எழுதி அடித்துக்கொண்டே வந்தேன். நான்கு நாள் இதிலேயே போயிற்று.

ஐந்தாம் நாள் எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு படகுக்காரரிடம் என் காது விஷயத்தைச் சொல்லி விசாரித்தேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சத்தமே இல்லாத எடமா? அக்கரைல தீவுக்கு வா சாரு. அங்க காக்கா கத்தினாத்தான் உண்டு. எங்க குப்பத்தாண்ட வலை வைக்கிற கொட்டாய் ஒண்ணு காலியா கீது."

பெட்டி, பாய், ஒரு கூஜா, இரண்டு பாத்திரங்களுடன் படகில் ஏறினேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவே நீளமான மணல் தீவு. கரையோரம் நாற்பது குடிசைகள் கொண்ட மீனவர் குப்பம். கொட்டாயைப் பார்த்ததும் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. சுடுமணல், ஒரு மரம் இல்லை, கருவாட்டு வாசனை, வாசலில் பிள்ளைகள் கூச்சல். மரமே இல்லையா என்று கேட்டேன். "உள்ளார நெறைய கீது சாரு" என்று சொல்லிவிட்டு அவர் தன் வலையைப் பார்க்க ஓடிவிட்டார். நானே நல்ல இடமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று சாமான்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தேன்.

கால் மணி நேர நடையில் அந்தப் பள்ளம் வந்தது. புன்னையும் நாவலும் கிளை கோத்து நின்றன. சுற்றிலும் தாழம்புதர். கடலே காதில் விழவில்லை. நடுவில் வண்டிச் சக்கரம் அகலத்துக்கு ஓர் ஊற்று. அள்ளிக் குடித்தால் இளநீர் போல இருந்தது. தீவுகளில் தன்னந்தனியாக வாழ்ந்தவர்களைப் பற்றி நூலகத்தில் நிறையப் படித்தவன் நான். அதே இடத்துக்கு வந்துவிட்டதாகவே நினைத்தேன். 'இப்பேர்ப்பட்ட இடத்தை விட்டுவிட்டுச் சுடுமணலில் குடியிருக்கிறார்கள், ரசனையற்ற ஜனங்கள்' என்று டைரியில் எழுதினேன். அந்த வரியை இன்னும் அடிக்கவில்லை. படிக்கும்போதெல்லாம் முகம் சுடுகிறது.

ஊற்றின் ஓரத்தில் ஒரு குச்சி நட்டு, அதில் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தேன். பார்த்ததோடு சரி. வாசனைச் சோப்புப் போட்டு ஊற்றிலேயே குளித்தேன். நான்கு நாள் அழுக்குத் துணியைத் துவைத்தேன். எண்ணெய்ப் பாத்திரத்தையும் அதிலேயே கழுவினேன். சாயங்காலமே படுத்து, பல மாதங்களுக்குப் பிறகு விடிய விடியத் தூங்கினேன்.

கண் விழித்தபோது ஆறு பெண்கள் இடுப்பில் குடத்துடன் வரிசையாக நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியூர்க்காரனை வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்து வைத்தேன். முன்னால் நின்றவள் சிரிக்கவில்லை. படகுக்காரரின் தங்கை என்று பிறகு தெரிந்துகொண்டேன். என் வயதுதான் இருக்கும். குனிந்து தண்ணீரை மோந்து பார்த்தாள்.

"இதுல இன்னா பண்ண தொரை?"

"குளித்தேன்."

"சோப்பு போட்டா?"

"ஆமாம். துணியும் கொஞ்சம்..."

அவள் குடத்தை மணலில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நாப்பது வூடும் குடிக்கிற தண்ணி தொரை இது. இந்தத் தீவுல எங்களுக்கு வேற தண்ணி ஏது?"

பின்னாலிருந்து ஒருத்தி, "இன்னிக்கி மீன் கொயம்பு ஷோக்கா மணக்கும்டீ" என்றாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. யாரும் குடியேறாததால்தான் அந்த இடம் அத்தனை பசுமையாக இருந்தது. சத்தம் போடாமல், தண்ணீர் மொள்ளத் தவிர வேறெதற்கும் கால் வைக்காமல், நாற்பது குடும்பங்கள் அதைக் காத்து வந்திருக்கின்றன.

செய்தி பரவி ஆண்களும் வந்துவிட்டார்கள். படகுக்காரர் என் முகத்தைப் பார்க்கவே கூசினார். "இவனை இட்டாந்ததே பேஜாரு, இன்னிக்கே அக்கரைல எறக்கி வுட்டுரு" என்றார் ஒருவர். நான் ஈரத்துணிகளைப் பெட்டியில் அடைக்க ஆரம்பித்தேன். என் காதும் என் வேலையும் அந்தப் பெட்டியோடு திரும்பிப் போவதாகத் தோன்றிற்று.

படகுக்காரரின் தங்கைதான் தடுத்தாள்.

"கெடுத்தவன் பூட்டா ஊத்தை எவன் எறைக்கறது? உங்கப்பனா?"

அங்கே ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஊற்றைக் கெடுத்தவன் யாராக இருந்தாலும் அவனே மூன்று தடவை அடி வரை இறைக்க வேண்டும். மறுபடி ஊறிய தண்ணீரை அவனே முதலில் குடித்து, நன்றாக இருக்கிறது என்று ஊரார் முன்னால் சொல்ல வேண்டும். பிறகுதான் மற்றவர்கள் வாய் வைப்பார்கள். "போன வருசம் எங்க ஆடு வியுந்துச்சு" என்றாள். "ஆட்டால சொல்ல முடியாதுன்னு எங்க அண்ணன் குடிச்சான்." படகுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டார்.

வாளி கேட்டேன். கொட்டாங்குச்சியை நீட்டினார்கள். வாளியோ குடமோ இடித்தால் மணல் சுவர் சரிந்து ஊற்றுக்கண் தூர்ந்துவிடுமாம். மண்டியிட்டு, ஒவ்வொரு கொட்டாங்குச்சியாக மொண்டு, தூரத்தில் கொண்டுபோய் ஊற்றினேன். மத்தியானத்துக்குள் உள்ளங்கை கொப்பளித்தது. முழுக்க இறைத்த பிறகு, மறுபடி ஊறுவதற்கு அரை நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கிடையில் பெண்கள் முகத்துவாரத்தைத் தாண்டி எண்ணூருக்குப் படகில் போய்க் குடம் குடமாகக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு ஒரு குடம். குழந்தைகள் குடித்த பிறகுதான் மற்றவர்கள். இராத் தங்க எனக்கு அந்த வலைக் கொட்டாயையே கொடுத்தார்கள். எனக்கும் ஒரு செம்பு தண்ணீர் வந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் மூன்றாவது ஊறல் கண்ணாடி போல நின்றது. ஊரே கூடிற்று. அவள் ஒரு கொட்டாங்குச்சி மொண்டு என்னிடம் நீட்டினாள்.

குடித்தேன். தித்திப்பாகத்தான் இருந்தது. ஆனால் விழுங்கிய பிறகு நாக்கின் அடியில், மிக மெலிதாக, அந்தச் சோப்பு.

"இன்னா தொரை, நல்லா கீதா?"

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். எண்ணூருக்கும் தீவுக்கும் துடுப்புப் போட்டு அலுத்துப்போன பெண்கள் அவர்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த நிமிடமே குடங்கள் நிரம்பும். நானும் மன்னிக்கப்பட்டவனாகக் கொட்டாயில் போய்ப் படுக்கலாம். இல்லை என்றால் இன்னும் ஒரு நாள் அவர்களுக்குத் தாகம். இந்த ஆளே வேண்டாம் என்று படகில் ஏற்றிவிட்டாலும் கேட்க முடியாது.

"இன்னும் கொஞ்சம் வாசனை இருக்கிறது" என்றேன்.

ஒரு முணுமுணுப்பு எழுந்தது. இன்னொருத்தி கொட்டாங்குச்சியைப் பிடுங்கி மோந்து பார்த்து, "எனுக்கு ஒண்ணியும் தெரில. இவுருக்கு இன்னா மூக்கா, முறமா?" என்றாள். படகுக்காரரின் தங்கை அவளிடமிருந்து கொட்டாங்குச்சியை வாங்கி மிச்சத் தண்ணீரை மணலில் கொட்டினாள்.

"நாக்கு நல்ல நாக்குதான். காதுதான் கோளாறு" என்றாள். "எறை அண்ணாத்தே. நானும் கூட எறைக்கறேன்."

அதுவரை என்னைத் தொரை என்று கூப்பிட்டவள், அதற்குப் பிறகு அப்படிக் கூப்பிடவே இல்லை. கெடுத்தவனே இறைக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை அவளே மீறினாள். மறுநாள் காலையில் இரண்டு கொட்டாங்குச்சிகள் நான்காயின, ஆறாயின. மூக்கா முறமா என்று கேட்டவளும் வந்து உட்கார்ந்து, என் மூக்கைப் பற்றி மேலும் இரண்டு வார்த்தை சொல்லிக்கொண்டே இறைத்தாள். அதற்கு மறுநாள் விடிந்ததும் குடித்தேன். வெறும் தண்ணீரின் ருசி. சொன்னேன். குடங்கள் இடுப்பிலிருந்து இறங்கின.

மீதி லீவு முழுவதும் அந்தக் கருவாட்டு வாசனைக் கொட்டாயில்தான் இருந்தேன். அலைச் சத்தம், பிள்ளைகள் கூச்சல், பெண்களின் வாய்ச்சண்டை எல்லாம் காதில் விழுந்தன. ஆனால் இரும்புச் சத்தம் இல்லை. ஊற்று இறைத்த நாட்களில் காதுக்குள் பட்டறை ஓடியதா என்று டைரியில் தேடிப் பார்த்தேன். வழக்கமாக மூன்று வேளையும் குறித்து வைப்பவன், அந்த நாட்களில் ஒன்றும் எழுதவில்லை. கவனிக்கவே மறந்திருக்கிறேன்.

கிளம்பும்போது அவள் என் கூஜாவை ஊற்றுத் தண்ணீரால் நிரப்பிக் கொடுத்தாள். "இதுலயாவது சோப்பு போடாத" என்றாள். ராயபுரத்தில் டாக்டர் தன் கைக்கடிகாரத்தை என் இடது காதருகே பிடித்தார். முன்பு காதில் ஒட்டி வைத்தாலும் கேட்காத டிக் டிக், இப்போது ஒரு சாண் தூரத்தில் கேட்டது. வேலை போகவில்லை. மேசையைப் பின்கட்டுக்கு மாற்றித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஒரு விஷயம் மட்டும் இன்றுவரை உறுதியாகவில்லை. அன்று சாயங்காலம் அந்தத் தண்ணீரில் உண்மையிலேயே சோப்பு இருந்ததா, அல்லது என் குற்ற உணர்ச்சிதான் அந்த வாசனையைச் சேர்த்ததா? மோந்து பார்த்தவளுக்கு அது தெரியவில்லை. டைரியில் இருப்பது 'வாசனை இருக்கிறது' என்ற ஒரு வரிதான். சரிபார்க்க வழியில்லாத தகவல் என்றே இங்கே பதிவு செய்கிறேன். ஆனால் எந்த ஊரில், யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தாலும், முதல் வாயை விழுங்காமல் ஒரு கணம் நாக்கிலேயே நிறுத்தி, இதை இத்தனை நாள் யார் காத்து வைத்தார்கள் என்று நினைத்துவிட்டுத்தான் குடிக்கிறேன்.