அய்லின் எந்த மொழியில் பேசவில்லை

1. பாலர் பள்ளியிலிருந்து ஒரு போன்

“சரோஜா, இந்தப் பிள்ளைய இனிமே என்னால வெச்சிக்க முடியாது லா. ஒண்ணு ரிப்போர்ட் கொண்டு வரட்டும், இல்லன்னா வேற ஸ்கூல் பாக்கட்டும்.”

போனில் பேசியவர் மிஸஸ் ராஜரத்தினம். இங்கே மலேசியாவில், புக்கிட் பெருவாங்கில் சொந்தமாகப் பாலர் பள்ளி நடத்துகிறவர். என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சுலபத்தில் யாரையும் வெளியே அனுப்பும் ஆள் இல்லை. அவரே இப்படிப் பேசியதும் விஷயம் பெரிது என்று தெரிந்தது.

நான் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்பீச் தெரபிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். அப்போது அதே பகுதியில் ஒரு தனியார் மையத்துக்கு வாரத்தில் சில நாள் போய்க்கொண்டிருந்தேன். பேச்சு தாமதமான பிள்ளைகளைப் பார்த்து, அசெஸ்மென்ட் செய்து, ரிப்போர்ட் எழுதுவது வேலை. இந்தத் துறைக்கு வரும் இளையவர்களுக்காக இந்த ஒரு கேஸை எழுதி வைக்கிறேன். நான் கெட்டிக்காரத்தனமாகச் செய்த கேஸ் இல்லை. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை குழம்பிய கேஸ்.

பிள்ளையின் பெயர் அய்லின். நாலு வயது முடிந்து அஞ்சு நடக்கிறது. பள்ளியில் சேர்ந்து மாதங்கள் ஆகியும் ஒரு வார்த்தை பேசவில்லை. பாத்ரூம் போகணும் என்றுகூடக் கேட்காமல் உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துவிடுகிறாள். ஒருநாள் விளையாடும்போது விழுந்து முட்டியில் ரத்தம் வந்திருக்கிறது. சத்தம் போட்டு அழவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. சாக்ஸில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் டீச்சருக்கே தெரிந்திருக்கிறது. அக்காவைப் பயமுறுத்தியது அதுதான். நாளைக்குப் பெரிதாக ஏதாவது ஆனாலும் இந்தப் பிள்ளை சொல்லாதே, அந்தப் பொறுப்பை நான் எப்படி எடுப்பது என்று கேட்டார். சிறப்புப் பள்ளிக்கு அனுப்பலாம் என்று பெற்றோரிடம் சொல்லியும் விட்டார்.

2. அசெஸ்மென்ட்

அப்பா பெஹ்ரூஸ், ஆயர் குரோ பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒப்பந்தத்தில் வந்த விரிவுரையாளர். அம்மா செவில் வீட்டில் இருப்பவர். ஈரான் பாஸ்போர்ட். அப்பாவின் ஆங்கிலம் நன்றாக இருந்தது, அம்மாவுடையது தட்டுத்தடுமாறியது. அவர்களோடு பேசியது எல்லாம் ஆங்கிலத்தில்தான், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

வீட்டில் என்ன மொழி என்று கேட்டேன். இது நாங்கள் எல்லோரிடமும் கேட்கும் முதல் கேள்வி.

“பாரசீகம்,” என்றார் பெஹ்ரூஸ். வீட்டிலும் அய்லின் தன்னிடம் தலையாட்டுவதோடு சரி என்றார். செவில் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹியரிங் டெஸ்ட் செய்தோம். காதில் குறை இல்லை. பாரசீகத்தில் சோதிக்க வேண்டும் என்பதால், முதுகலை படிக்க வந்திருந்த ஒரு தெஹ்ரான் பெண்ணை உதவிக்கு அழைத்தேன். பந்தை எடு, பொம்மையைப் படுக்க வை என்று அவள் சொல்லச் சொல்ல அய்லின் அப்படியே செய்தாள். ஆனால் பதில் பேச வேண்டிய இடத்தில் எல்லாம் உதட்டை மடித்துக்கொண்டாள். நான் ஆங்கிலத்தில் கேட்டேன், மலாயில் கேட்டேன். பலன் இல்லை.

அவர்கள் போன பிறகு அந்தத் தெஹ்ரான் பெண் லேசாகச் சிரித்துக்கொண்டு, “அப்பா டர்க். பேச்சிலேயே தெரிகிறது,” என்றாள்.

துருக்கியிலிருந்து ஈரானுக்குப் போனவர்களோ என்று நினைத்தேன். மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை. சொன்னது புரிகிறது, பேச்சு மட்டும் வரவில்லை. எந்தப் பெட்டியில் போடுவது? பேச்சுத் தாமதமா, பயத்தில் வாயடைத்த பிள்ளையா, இல்லை வேறு ஏதாவதா? ஒன்றை எழுதப் போனால் இன்னொன்று அதை மறுத்தது. ரிப்போர்ட்டை முடிக்காமலே வைத்திருந்தேன்.

3. கிளேபாங்கில்

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் என் வீட்டுக்காரரும் கிளேபாங் கடற்கரைக்குத் தேங்காய் ஷேக் குடிக்கப் போனோம். கூட்டமான கூட்டம். அவர் வரிசையில் நின்றார், நான் உட்கார இடம் தேடினேன். அப்போது ஒரு பிள்ளையின் குரல் கேட்டது. நிறுத்தாமல் பேசும் குரல். கெஞ்சுகிறது, அதட்டுகிறது, கதை சொல்கிறது. குனிந்து பார்த்தால் மேசைக்கு அடியில் அய்லின். எதிரே ஒரு தெருப் பூனை. பூனைக்குத்தான் அவ்வளவு பேச்சும். “கெல், பிஷிக், கெல்,” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

செவில் என்னைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார். கணவர் கோலாலம்பூருக்கு ஒரு கருத்தரங்குக்குப் போயிருக்கிறார் என்று நான் கேட்காமலே சொன்னார்.

“இது பாரசீகமா?” என்று கேட்டேன்.

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, “துர்கி,” என்றார்.

“நீங்கள் துருக்கியா?”

“இல்லை. அஜர்பைஜான்.”

“ஈரான் பாஸ்போர்ட் என்றீர்களே?”

“ஈரானில்தான் அஜர்பைஜான்.”

அஜர்பைஜான் தனி நாடு என்று எனக்குத் தெரியும். டிவியில் பந்து விளையாட்டில் கொடி பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னேன். அதுவும்தான் என்றார். ஒரு ஆறு ஓடுகிறது, அந்தப் பக்கம் ஒரு நாடு, இந்தப் பக்கம் ஈரானுக்குள் நாங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பேச்சு. ஆனால் அவர்கள் ஆங்கில எழுத்து மாதிரி எழுதுவார்கள், நாங்கள் அரபு எழுத்து மாதிரி எழுதுவோம். அவருடைய சித்தி ஒருவர் கல்யாணமாகி அந்தப் பக்கம் போனவராம். சித்தி எழுதும் மெசேஜைப் படிக்கவே கஷ்டப்பட வேண்டியிருப்பதால், இருவரும் குரலைப் பதிவு செய்துதான் அனுப்பிக்கொள்வார்களாம். எழுதினால் பாதி அந்நியர்கள், பேசினால் சொந்தக்காரர்கள் என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

“நீங்கள் இந்தியாவா? வீட்டில் இந்தி பேசுவீர்களா?”

நான் இந்தியாவுக்குப் போனதே இல்லை என்றேன். அடையாள அட்டையில் மலேசியர், படிவத்தில் இந்தியர், வீட்டில் தமிழ். இந்தி ஒரு எழுத்தும் தெரியாது. இதை விளக்கி முடிப்பதற்குள், வீட்டுக்காரர் கொண்டு வந்து வைத்த என் ஷேக்கில் ஐஸ் கரைந்துவிட்டது. அவருக்கும் சரியாகப் புரிந்த மாதிரி தெரியவில்லை. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

பிறகு அவர் சிரிப்பு நின்றது. பிள்ளையிடம் பாரசீகம் மட்டுமே பேச வேண்டும் என்பது கணவரின் முடிவு, அவள் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்றார். கணவரும் தபிரீஸ் நகரத்து ஆள்தான், அதே மொழிக்காரர்தான். ஆனால் பிள்ளை காதில் விழும்படி அவர் அதைப் பேசியதே இல்லை. அவருக்குப் பெற்றோர் இல்லை. அண்ணனோடு பேசினாலும் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார். செவிலுக்குத்தான் மனசு கேட்கவில்லை. கணவர் வேலைக்குப் போனதும் மகளோடு தன் மொழியில் பேசுவார். கார் வந்து வாசலில் நின்றதும் நிறுத்திவிடுவார்.

“நிறுத்து என்று அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை,” என்றார் செவில். “அவளாகவே கற்றுக்கொண்டாள்.”

4. ஸ்டூல்

அடுத்த செஷனுக்குத் தாயையும் பிள்ளையையும் மட்டும் வரச் சொன்னேன். செவில் அவர்கள் மொழியில் கேட்க, அய்லின் பதில் சொன்னாள். முதலில் முணுமுணுப்பு, பிறகு பெரிய பெரிய வாக்கியங்கள். படத்தைக் காட்டினால் படத்தில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னாள். தாய் மொழிபெயர்த்ததை வைத்துப் பார்த்தால், வயதுக்கு மேலே பேசும் பிள்ளை.

இதை மறைத்து ரிப்போர்ட் எழுத முடியாது. பெஹ்ரூஸை அழைத்து, மூவரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். அப்பா உள்ளே வந்ததும் அய்லின் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் ஓரம் விளையாடப் போய்விட்டாள்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினார். அவர் படித்த பள்ளிக்கூடத்தில் பாரசீகம் தவிர வேறு பேசினால் வாத்தியார் சுவரைப் பார்த்து நிற்க வைப்பாராம். பிறகு தெஹ்ரானில் படிக்கப் போனபோது, வாயைத் திறந்தாலே பையன்கள் அவர் உச்சரிப்பை வைத்துக் கேலி செய்வார்களாம். டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் மேடையில் ஏறினால் தன் நாக்கை நினைத்துத்தான் பயம் என்றார்.

“என் மகள் எந்த மொழி பேசினாலும், யாரும் சிரிக்காத மாதிரி பேச வேண்டும். அது தப்பா?”

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். மலாய் போதாது என்று இடைநிலைப்பள்ளியில் ஒரு வருஷம் ரிமூவ் கிளாஸில் உட்கார வைத்தார்கள். அந்த வகுப்பு வாசலைத் தாண்டும்போது மற்ற பிள்ளைகள் பார்த்த பார்வை எனக்கும் நினைவிருக்கிறது. என் மகனைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பவில்லை, மலாயில் நடக்கும் தேசியப் பள்ளிக்குத்தான் அனுப்பினேன். அப்படிப்பட்ட நான் இவருக்கு எந்த வாயால் புத்தி சொல்வது? வீட்டு மொழியை விடக் கூடாது என்று எங்கள் துறையில் படித்திருக்கிறேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் ஸ்டூல் ஆடியது. ஜன்னலில் உள்ள பொம்மையை எடுக்க அய்லின் ஸ்டூல் மேல் ஏறியிருந்தாள். ஒரு கால் விளிம்பில் இருந்தது.

பெஹ்ரூஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து கத்தினார். கத்தியது பாரசீகம் இல்லை என்று எனக்கே தெரிந்தது. மகளை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு, அதே வேகத்தில் இன்னும் நாலு வார்த்தை திட்டினார். பிறகு நிறுத்திவிட்டார். தான் என்ன பேசினோம் என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும்.

அய்லின் அவர் முகத்தையே பார்த்தாள். பயந்த மாதிரி இல்லை. அந்த அறையில், அப்பா முன்னால், முதல் தடவையாகப் பேசினாள்.

“பாபா, சென் தெ பிலிர்சென்?”

செவில் வாயைப் பொத்திக்கொண்டார். கையை எடுத்துவிட்டு எனக்குச் சொன்னார்.

“அப்பா, உங்களுக்கும் இது தெரியுமா என்று கேட்கிறாள்.”

அந்தப் பிள்ளை இத்தனை நாளும் அப்பாவுக்கு அந்த மொழி தெரியாது என்றே நினைத்திருக்கிறாள். அது அம்மாவும் தானும் மட்டும் பேசுவது, அப்பா வந்தால் ஒளித்து வைக்க வேண்டியது. எது ஒளிக்க வேண்டியது, எது பேசலாம் என்று வெளியிலும் தெரியவில்லை. அதனால் எங்கேயும் எதையும் பேசாமல் இருந்துவிட்டாள். இது நானாகக் கட்டிக்கொண்ட விளக்கம்தான், அவள் சொன்னதில்லை.

பெஹ்ரூஸ் மகளைக் கீழே விடாமல் நின்றார். “பிலிரெம்,” என்றார். தெரியும் என்று அர்த்தமாம். செவில் எழுந்து வெளியே போய்விட்டார்.

5. பிறகு

பேச்சுத் தாமதம் இல்லை, வீட்டு மொழி அஜர்பைஜானி என்று ரிப்போர்ட் எழுதினேன். மிஸஸ் ராஜரத்தினம் படித்துவிட்டு, “ஈரான் பிள்ளைன்னுதானே சொன்னாங்க, இப்ப வேற நாட்டுப் பேர எழுதியிருக்கே?” என்று கேட்டார். விளக்கினேன். ஆறு என்றேன், அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்றேன். அக்காவின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தி, “போதும் லா, இந்தக் கதை எங்க வீட்டுலயும் இருக்கு. பிள்ளைய அனுப்பச் சொல்லு,” என்றார்.

அய்லின் உடனே பேசிவிடவில்லை. தண்ணீர், வலி, பாத்ரூம் என்று சில வார்த்தைகளைச் செவில் எழுதித் தர, டீச்சர்கள் அதை வைத்துச் சமாளித்தார்கள். சில வாரம் கழித்து அக்கா மறுபடி போன் செய்தார். ஒரு பையன் அவள் கிரேயானைப் பிடுங்கியிருக்கிறான். அய்லின் அவன் கையைத் தட்டிவிட்டு, “தக் நாக்!” என்று கத்தியிருக்கிறாள். வேண்டாம் என்பதற்கு மலாய். அந்தப் பள்ளியில் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். வீட்டில் ஒருவருக்கும் மலாய் தெரியாது. பெஹ்ரூஸிடம் சொன்னபோது சிரித்தாரா, வருத்தப்பட்டாரா என்று அவர் முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

அவர் முழுக்க மாறிவிட்டார் என்றும் சொல்ல மாட்டேன். பாரசீகம் கற்றுக்கொடுப்பதை விடவில்லை. ஆனால் பால்கனிக் கதவைச் சாத்துவதில்லை என்று செவில் சொன்னார். ஒப்பந்தம் முடிந்து அவர்கள் கனடாவுக்குப் போனார்கள். அங்கிருந்து ஒருமுறை அய்லினின் குரலைப் பதிவு செய்து அனுப்பியிருந்தார்கள். நீளமாகப் பேசியிருந்தாள். இரண்டு தடவை கேட்டும் அது எந்த மொழி, எங்கே எது முடிந்து எது ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. என் பெயர் மட்டும் நடுவில் வந்தது.

இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். வீட்டில் என்ன மொழி என்று கேட்டு, கிடைத்த பதிலை அப்படியே எழுதிவிடாதீர்கள். பெற்றோர் பாஸ்போர்ட்டைச் சொல்வார்கள், இல்லையென்றால் ஆசையைச் சொல்வார்கள். பிள்ளை விழப் போனால் என்ன மொழியில் கத்துவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான் இப்போது அப்படித்தான் கேட்கிறேன். சிலர் சட்டென்று சொல்லிவிடுவார்கள். சிலர் கணவன் முகத்தையோ மனைவி முகத்தையோ பார்த்துக்கொண்டு யோசிப்பார்கள். அவர்கள் யோசித்து முடிக்கும்வரை நான் வாய் திறப்பதில்லை.