ஆர்வெல்லாவின் ரீலை நான் தொட்டது

கோபம் வந்தால் என் மனைவி ஆர்வெல்லா கத்தமாட்டாள். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தோரு வருடமாக நானூறு பிள்ளைகளுக்குச் சோளரொட்டியும் பீன்ஸும் ஆக்கிப் போடுகிறவள். பெரிய பெரிய பாத்திரங்களைத் தூக்கி உரமேறிய கை அது. அலபாமாவில் எங்கள் டாலோ ஏரியில், பாசிக்குள் கிடக்கும் பாஸ் மீனை வெளியே இழுக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. இதைப் புருஷனாகச் சொல்லவில்லை. இருபது வருடம் அவளோடு ஒரே படகில் உட்கார்ந்து தோற்றவனாகச் சொல்கிறேன்.

ஆனால் ஏரியின் மீன்பிடிச் சங்கத்தில் நான் உறுப்பினர், அவள் இல்லை. பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் கிழித்தாவது போட்டிருக்கலாம். வருடா வருடம் அவள் மனுக் கொடுப்பாள். தலைவர் லமார் கட்ஜர் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, "பாப்போம்மா, பாப்போம்" என்பான். ஒன்பதாவது வருடம் ஒரு நிபந்தனை போட்டான்.

"வசந்தப் போட்டி அன்னிக்குப் பத்து பவுண்டு மீன் ஒண்ணு கொண்டு வா. அன்னிக்கே சங்கத் தொப்பியை நானே உன் தலையில வைக்கிறேன்."

அயோக்கியத்தனம்! அந்தச் சங்கத்தில் பாதிப் பேர் பிறந்ததிலிருந்து பத்து பவுண்டு மீனைத் தொட்டதில்லை. லமாரும் தொட்டதில்லை, நானும் தொட்டதில்லை. அந்தக் கூட்டத்தில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

"பத்துதானே? சரி" என்று மட்டும் சொன்னாள் ஆர்வெல்லா.

தூண்டில் கோலில் நூல் சுற்றியிருக்கும் ரீலின் கைப்பிடிக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போல ஒரு திருகு இருக்கும். டிராக் என்போம். அதைத் தளர்த்தி வைத்தால் மீன் இழுக்கும்போது நூல் நழுவிக் கொடுக்கும். திறந்த தண்ணீரில் அது நல்லது, மீன் ஓடி ஓடிக் களைத்துவிடும். பாசியில் ஒரு முழம் நழுவினாலும் போச்சு. மீன் தலைகீழாகப் பாய்ந்து தண்டுகளைச் சுற்றிக்கொண்டு கிடந்துவிடும். அதனால் ஆர்வெல்லா தடித்த பின்னல் நூலைப் போட்டு, திருகை இதற்குமேல் திரும்பாது என்கிறவரை இறுக்கிவிடுவாள். நான் அதற்கு நேர் எதிர். வீட்டுக்கு வந்ததும் எல்லா ரீலையும் தளர்த்தி வைத்துவிடுவேன். உள்ளே இருக்கும் வாஷர் நசுங்கக் கூடாதே! ரீலைப் பேணத் தெரிந்தவன் எவனும் இங்கே அப்படித்தான் செய்வான். எனக்கு அது கை தானாகச் செய்கிற வேலை.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள், ஆசையாக அவள் ரீலைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டேன். காலையில் ஏரியில் படகை இறக்கியதும், அவள் வழக்கம்போல நூலைக் கையில் சுற்றி இழுத்துப் பார்க்கப் போனாள்.

"அதெல்லாம் வேண்டாம். நேத்தே எல்லாம் பாத்து வச்சுட்டேன். பக்கா" என்றேன்.

"நிஜமா?"

"என்னை நம்பமாட்டியா?"

நம்பினாள். அதுதான் அவள் செய்த ஒரே தப்பு.

பத்து மணி இருக்கும். பாசி மெத்தையின் மேல் அவள் கொக்கியில் இரையாக மாட்டியிருந்த ரப்பர்த் தவளை தத்தித் தத்தி வந்தது. திடீரென்று ஒரு சத்தம், தண்ணீரில் கதவைச் சாத்தினது போல. தவளையைக் காணோம். மேலே வந்து புரண்ட முதுகை நான் கண்ணால் பார்த்தேன். பத்து என்ன, பதினொன்றே இருக்கும்! ஆர்வெல்லா காலை ஊன்றிக் கோலை வெட்டி இழுத்தாள். கோல் வளையவில்லை. ரீல் கிர்ரென்று கத்தியது. நூல் ஓடியது. அவள் கட்டைவிரலால் நூலை அழுத்தினாள், தோல் பிய்ந்து ரத்தம் வந்தது. அதற்குள் மீன் அடியில் போய்ச் சுற்றிக்கொண்டுவிட்டது.

சட்டென்று படகிலிருந்து குதித்துவிட்டாள். மார்பளவு தண்ணீர். நூலைப் பிடித்துக்கொண்டே பாசியைக் கை கையாகப் பிய்த்து எறிந்தாள். கால் மணி நேரம். கடைசியில் தவளை மட்டும் வந்தது, கொக்கியில் ஒரு கொத்துப் பாசியோடு.

படகில் ஏறி ரீலின் திருகைத் தொட்டாள். அது லொடலொடவென்று சுற்றியது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "நான்தான் பாத்திருக்கணும்" என்றாள்.

எடை போடும் இடத்தில், கரையோரம், நனைந்த துணியோடு நின்றாள். நடந்ததை யாரோ தூரத்துப் படகிலிருந்து பார்த்துச் சொல்லிவிட்டிருந்தார்கள்.

"அந்தப் பாசியை வேணா எடை போடுவோமா?" என்றான் ஒருவன். சிரிப்பு.

லமார் சொன்னான்: "பாத்தியாம்மா, இதுக்குத்தான் சொல்றது. டிராக்கை இறுக்கக்கூடத் தெரியல. பொம்பளைங்களுக்கு வேற எவ்வளவோ வேலை இருக்கு."

நான் எங்கே இருந்தேன்? அவனுக்குப் பக்கத்தில், அதே தொப்பியைப் போட்டுக்கொண்டு. அதன் விளிம்பைக் கண்ணுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். தூ! இப்போது நினைத்தாலும் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

திரும்பி வரும் வழியில் டிரக்கில்தான் சொன்னேன். "ஆர்வெல்லா, திருகைத் தளர்த்தினது நான்தான். துடைச்சுட்டுப் பழக்க தோஷத்துல..."

"தெரியும்."

"தெரியுமா?"

"எண்ணெய் வாசனை வந்துச்சே. டிராக்குக்காக எனக்குக் கோபமில்ல, டாய்ஸ். யாருக்கும் கை மறந்துபோகும். ஆனா அவன் அப்படிப் பேசறப்போ உன் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? நீ சொல்லுவேன்னு நின்னேன்யா. நனைஞ்ச துணியோட அவ்வளவு நேரம் எதுக்கு நின்னேன்னு நினைச்சே?"

வண்டியைத் திருப்பச் சொன்னாள். திருப்பினேன். அவர்கள் இன்னும் பொரித்த கெளுத்தியைத் தின்றுகொண்டிருந்தார்கள். எல்லார் முன்னாலும் சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல். சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

லமார் முள்ளைத் துப்பிவிட்டு, "அட விடு டாய்ஸ், இதுக்குப் போயி! உக்காரு, சாப்பிடு" என்றான்.

ஒருத்தனுக்கும் அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. டிரக்கிலேயே இருந்த ஆர்வெல்லா டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து, ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "ஆமா, உக்காந்து சாப்பிடு. இருபது வருஷமா அவங்ககூடத்தானே சாப்பிட்டே." படகையும் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் சாப்பிடவில்லை. ஏழு மைல் நடந்து வீட்டுக்கு வந்தேன். படகு கொட்டகையில் இருந்தது. பழக்கத்தில் என் ஐந்து ரீல்களையும் எடுத்து, ஒவ்வொன்றாகத் திருகில் கை வைத்தேன். ஒன்றும் அசையவில்லை. ஐந்தையும் அவள் கடைசிவரை இறுக்கி வைத்திருந்தாள்.

மூன்று மாதம் ஆகிறது. வாஷர் நசுங்கினால் நசுங்கட்டும். இன்னும் ஒன்றையும் நான் தளர்த்தவில்லை.